மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது ஜன்னல்

சனிக்கிழமை காலை ஏழு மணி வேன்.
ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த மூன்று இடத்தையும்
கைப்பை வைத்துப் பிடித்திருந்தாள் கீழ்வீட்டு லாமாரா.
குத்தாயிசியிலிருந்து திபிலிசிக்கு நாலு மணி நேரம்.
ஒரு புகைப்படம் பார்க்க.
அதுவும் எங்கள் வீட்டை.

போன மே மாதம் முற்றத்தில் ஒரு பெண் வந்து நின்றாள்.
கழுத்தில் கேமரா, மூக்கில் சளி.
துணி காய்வதை எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள்.
துணிதானே, என்றேன்.
மருந்துக்கடைக்கு நேரமாகிவிட்டது.
சளிக்கு ஒரு மாத்திரையின் பெயர் சொல்லிவிட்டு
ஓடினேன்.

ஜும்பேர் கோட்டு போட்டிருந்தான்,
சாவுக்கும் கல்யாணத்துக்கும் எடுப்பது.
வழியெல்லாம் இருமினான்.

கண்காட்சி, மூடிப்போன ஒரு தையல் ஆலையில்.
உள்ளே நோயாளி படுத்திருப்பதுபோல்
எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.
பாதி நறுக்கிய வெங்காயம்.
பேசினில் ஊறும் ஒரு ஆம்பளைக் கால்.
லிஃப்டுக்குக் காத்திருக்கும் மெத்தை.
"இதுக்கு டிக்கெட்டா?
என் வீட்டுக்கு வந்தா காப்பியும் குடுப்பேனே"
என்றாள் லாமாரா.

கடைசி அறையில் சுவர் முழுக்க நாங்கள்.

ஜன்னலுக்குக் கீழிருந்து எதிர்க்கட்டடம் வரை கொடி,
இரண்டு ரஜாய் உறை,
குதிகாலில் நான் தைத்த காலுறை,
வெளுத்துப்போன நீலத் துண்டு
ஒரு கதவளவு.
முடியைக் குட்டையாக வெட்டிய பெண்ணொருத்தி
தோழியிடம் சொன்னாள்: "என்ன ஒரு தனிமை."
செவ்வாய்க்கிழமை, என்று நினைத்துக்கொண்டேன்.
மேல்மாடிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏறுவது அன்றைக்குத்தான்.
ரஜாய் உறை அன்றைக்குத்தான்.

அப்புறம் கண் மேலே போயிற்று.
மூன்றாம் மாடி. இடமிருந்து இரண்டாவது ஜன்னல்.
விளிம்பில் ஒரு முழங்கை.
முழங்கைக்கு மேலே ஒரு கை.
கட்டைவிரல் நகத்தால் மறைத்துவிடலாம்,
அவ்வளவு சின்னது
அந்தச் சிகரெட்.

மூன்று வருடத்துக்கு முன்
பாலத்தில் நின்று என் கண்ணெதிரே
பெட்டியை ஆற்றில் எறிந்தவன்.
நான் அழுதேன், சந்தோஷத்தில்.
அதன்பின் மூன்று குளிர்காலம்
ஊழியர் கழிவில் இருமல் மருந்து
வாங்கி வந்திருக்கிறேன்.

பக்கத்தில் அவன் மூச்சு நின்றது தெரிந்தது.
"அடுத்த படத்துல ஒரு குதிரை இருக்கு, வா."
அடுத்த படத்தில் இருந்தது ஒரு வாளி.

லாமாரா எதையும் கவனிக்கவில்லை.
அவள் ஜன்னலை உறை மறைத்துவிட்டதாம்,
காவலாளியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது சுராமியில் வண்டி நின்றது,
இனிப்பு ரொட்டி வாங்க.
அவன் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது பட்டை வாசம், அதன்மேல் புதினா வாசம்.
ரொட்டியைப் பிய்த்து
திராட்சை அதிகமிருந்த பாதியை என்னிடம் நீட்டினான்.

எல்லாம் தயாராக வைத்திருந்தேன், தேதியோடு.
மலையில் சுரங்கப்பாதைகள்.
இருட்டு வரும்போது வாயெடுப்பேன்,
வெளிச்சம் வந்ததும்
கோட்டுக் கையில் தொங்கும் நூலை முறுக்கிக்கொண்டிருப்பான்,
பரீட்சைக்கு வந்தவன் மாதிரி.
ஐந்தாவது சுரங்கத்தில் சொன்னேன்:
"அந்த நீலத் துண்டைத் தூக்கிப் போடணும்."
"போட்டுடலாம்" என்றான்,
தேவைக்கு மேல் வேகமாக.

செவ்வாய்க்கிழமை கொடியை இழுத்தேன்.
கப்பி கிறீச்சிட்டது.
அந்தக் கிறீச்சு படத்தில் விழவில்லை.
முதல் உறை. இரண்டாவது உறை.
அதன் மூலையில் வழக்கம்போல்
மிளகளவு சாம்பல் பொட்டு.

கீழ்வீட்டு விறகடுப்பு என்றல்லவா
இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்,
ஒருமுறை ஈஸ்டருக்கு முந்தின நாள்,
படிக்கட்டே கேட்க.

சாயங்காலம் புளிப்பு பிளம் சாஸ் ஒரு பாட்டில்
எடுத்துக்கொண்டு இறங்கிப்போய்
லாமாராவின் கதவைத் தட்டினேன்.
"எதுக்குடி இது?"
"சும்மா" என்றேன்.
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கெட்டுப்போயிருக்கிறதா என்று
மூன்று தடவை பார்த்தாள்.